காற்றடி வண்டலில் பனியுகக் காலநிலை: படிவு எதைப் பதிவு செய்கிறது, எதைச் செய்வதில்லை?

மேட்டுநிலம்

சீனாவின் லோயஸ் (காற்றடி வண்டல்) பீடபூமியைப் பற்றி அண்மையில் நிறையப் படித்துவருகிறேன். மஞ்சள் ஆற்றின் நடுப்பகுதியைச் சூழ்ந்த நிலத்தில், காற்று சுமந்துவந்து சேர்த்த நுண்துகள் பல இடங்களில் 100 முதல் 200 மீட்டர் வரையிலும், சில இடங்களில் 300 மீட்டருக்கு மேலும் படிந்திருக்கிறது. செங்குத்தாக அறுபட்ட பள்ளத்தாக்குச் சுவர்களில் வெளிர்மஞ்சள் படுகையும் செம்பழுப்புப் படுகையும் மாறி மாறி வருகின்றன. வெளிர்மஞ்சள் படுகை உறைபனிக் காலத்துக்கு உரியது, செம்பழுப்புப் படுகை வெப்பமான இடைப்பனிக் காலத்தில் உருவான தொல்மண் (புதைந்துபோன பழைய மண்) என்று பொதுநூல்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுகின்றன.

எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை. குளிருக்கும் தூசிக்கும் என்ன தொடர்பு? படிவு உண்மையில் பதிவு செய்வது குளிரையா, வறட்சியையா, காற்றின் வேகத்தையா? தடித்த படுகை என்றால் கடுமையான பனிக்காலம் என்று கொள்ளலாமா? இவற்றை அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தொல்மண்

மேட்டுநிலம் அவர்களே, உங்கள் கடைசிக் கேள்வியில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்கான விடை மற்ற இரண்டையும் தெளிவாக்கும். தடிப்பை மட்டும் வைத்துக் குளிரின் கடுமையை அளக்க முடியாது. ஒரு இடத்தில் காற்றடி வண்டல் சேர வேண்டுமென்றால், பெரும்பாலும் 20 முதல் 60 மைக்ரோமீட்டர் அளவுள்ள துகள்கள் ஏராளமாக உருவாக வேண்டும். அவை தாவரப் போர்வை இல்லாத வெற்று நிலத்தில் கிடக்க வேண்டும். அவற்றைத் தூக்கும் வேகம் காற்றுக்கு வேண்டும். விழுந்த துகள் மறுபடியும் பறந்துவிடாமல் பிடித்துவைக்கப் புல்வெளி போன்ற ஒரு பரப்பும் வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முழுப் பாலைவனத்தில் தூசி எழும், ஆனால் தங்காது. பாலைவனத்தின் விளிம்பிலும் பனியாறுகளின் உருகுநீர் பாய்ந்த சமவெளிகளுக்கு அப்பாலும் இருந்த புல்நிலங்களில்தான் அது தங்கியது.

உறைபனிக் காலம் இந்த நிபந்தனைகளை எல்லாம் ஒருசேர வலுப்படுத்தியது. பனிவிரிப்புகள் பாறையை அரைத்து மாவாக்கின. கோடையில் உருகுநீர் அந்த மாவை ஆற்றுப்படுகைகளில் பரப்பியது. குளிர்காலத்தில் நீர் வற்றியதும் படுகை காற்றுக்குத் திறந்து கிடந்தது. கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்ததால் கண்டங்களின் உட்பகுதி கடலின் ஈரத்திலிருந்து மேலும் விலகியது. வளிமண்டலத்தில் கார்பன் டை ஆக்சைடு மில்லியனுக்கு 180 முதல் 190 பங்கு என்ற அளவுக்குக் குறைந்திருந்தது. அந்தக் குறைவே தாவர வளர்ச்சியைத் தளர்த்தி, வெற்று நிலத்தை அகலமாக்கியது. ஆகவே குளிர் நேரடியாகத் தூசியைத் தருவதில்லை. வறட்சி, காற்று, தாவரக் குறைவு, துகள் உற்பத்தி ஆகிய வழிகளில் சுற்றிவந்து தருகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொல்மண் படுகை என்பது தூசி நின்றுபோன காலம் அன்று. இடைப்பனிக் காலத்திலும் தூசி விழுந்துகொண்டேதான் இருந்தது. விழுந்த வேகத்தைவிட மழையும் வேரும் மண்ணுயிரிகளும் அதை மண்ணாக்கிய வேகம் கூடுதலாக இருந்தது. உறைபனிக் காலத்தில் இந்தச் சமநிலை புரண்டது. வெளிர்மஞ்சளும் செம்பழுப்பும் இந்த இரண்டு வேகங்களுக்கு இடையிலான போட்டியின் முடிவுகள் என்று பார்த்தால் பல குழப்பங்கள் தீரும்.

மேட்டுநிலம்

மிக்க நன்றி. இவை காற்றால் வந்தவை என்பது எப்போது உறுதியானது? பனியுகங்களின் எண்ணிக்கையைப் பற்றிய பழைய கருத்தை இவை மாற்றின என்றும் ஒரு இடத்தில் படித்தேன்.

தொல்மண்

19ஆம் நூற்றாண்டில் ரைன் பள்ளத்தாக்கின் படிவுகளை ஆராய்ந்தவர்கள், சார்லஸ் லயல் உட்பட, அவற்றை நீர் கொண்டுவந்த வண்டலாகவே கருதினார்கள். சீனாவில் விரிவாகப் பயணம் செய்த ஃபெர்டினாண்ட் ஃபோன் ரிச்ட்ஹோஃபன் 1877இல், மலைச்சரிவிலும் மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே மாதிரி போர்த்திக் கிடக்கும் இந்தப் படிவை நீரால் விளக்க முடியாது, காற்றுதான் காரணம் என்று வாதிட்டார். உள்ளே நிலவாழ் நத்தைகளின் ஓடுகள் கிடைப்பதும், நீரில் படியும் வண்டலுக்குரிய மெல்லிய அடுக்குகள் இல்லாமல் இருப்பதும் அந்த வாதத்துக்குத் துணைநின்றன.

எண்ணிக்கை பற்றி: ஆல்ப்ஸ் பகுதியின் ஆற்றுப்படி மேடைகளை வைத்துப் பெங்க்கும் ப்ரூக்னரும் 1909 அளவில் நான்கு பனிக்காலங்களை வரையறுத்தார்கள். அந்த எண் அரை நூற்றாண்டுக்கு மேல் பாடநூல்களை ஆண்டது. செக் நாட்டின் ப்ர்னோ நகரத்துச் செங்குன்றில் ஜியார்ஜ் கூக்லா லோயஸ், தொல்மண் அடுக்குகளை எண்ணியபோது, நான்கைவிட மிக அதிகமான சுழற்சிகள் வெளிப்பட்டன. பனியாறு தான் முன்பு விட்டுச்சென்ற தடத்தைத் தானே அழித்துவிடும். அடுத்த முறை முன்னேறும்போது பனியாறு முன்பு குவித்த மண், கல் மேடுகள் துடைக்கப்படுகின்றன. பனிவிரிப்பு எட்டாத இடத்தில் விழுந்த தூசிக்கு அந்த ஆபத்து இல்லை. பனியுகத்தின் வரலாறு பனி இருந்த இடத்தைவிட, பனி இல்லாத இடத்தில் முழுமையாக எஞ்சியிருப்பதற்கு இதுவே காரணம். பனிவிரிப்புகளின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும், கடலடி உருளை மாதிரிகளின் ஆக்சிஜன் ஐசோடோப்பு வளைவும் இதையேதான் சொன்னது. கூக்லா இரண்டையும் நிலத்துக்கும் கடலுக்குமான ஒப்பீடாக 1977இல் வெளியிட்டார்.

காந்தமுள்

சீனப் பகுதியின் காலவரிசை காந்தத்தால்தான் நிலைபெற்றது. 1982இல் ஃப்ரீட்ரிஹ் ஹெல்லரும் லியு துங்ஷெங்கும் லுவோச்சுவான் வெட்டுமுகத்தில் புவிக்காந்தப் புரட்டல்களை (புவியின் வட, தென் காந்த முனைகள் இடம் மாறியதை) அடையாளம் கண்டு, அங்கே லோயஸ் படிவு ஏறத்தாழ 24 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது என்று காட்டினார்கள். இன்றைய அளவீட்டில் அந்தத் தொடக்கம் சுமார் 26 இலட்சம் ஆண்டுகள். வட அரைக்கோளத்தில் பெரும் பனிவிரிப்புகள் வலுப்பெற்ற காலத்தோடு அது பொருந்துகிறது. அதற்கு அடியிலும் காற்றடிச் செங்களிமண் உண்டு. பீடபூமியின் மேற்கே சின்ஆன் பகுதியில் 2.2 கோடி ஆண்டுகள் பழமையான காற்றடிப் படிவு இருப்பதை 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆசியாவின் உட்பகுதி வறண்டது பனியுகத்துக்கு மிக முன்பே என்பதையும், தூசி என்றாலே பனியுகம் என்று கொள்ளக்கூடாது என்பதையும் இது ஒருசேர நிறுவுகிறது.

1984இல் அதே இருவர், படிவின் காந்த ஏற்புத்திறன் (காந்தப்புலத்தில் அது எவ்வளவு காந்தமாகிறது என்ற அளவு) மேலிருந்து கீழாக ஏறி இறங்கும் விதம் ஆழ்கடல் ஆக்சிஜன் ஐசோடோப்பு வளைவை ஒத்திருப்பதைக் காட்டினார்கள். தொல்மண்ணில் அளவு உயர்கிறது, லோயஸில் தாழ்கிறது. ஏன் என்பதில்தான் நீண்ட விவாதம் நடந்தது. வளிமண்டலத்தின் மேலடுக்கிலிருந்து மாறா வேகத்தில் விழும் நுண்ணிய காந்தத் துகள்கள், தூசி மிகுதியாக விழும் காலத்தில் நீர்த்துப்போகின்றன என்று கூக்லாவும் அவர் குழுவினரும் முதலில் விளக்கினார்கள். பின்னர் வந்த ஆய்வுகள், ஈரமும் வறட்சியும் மாறி மாறி வரும் மண்ணுக்குள்ளேயே மேக்னடைட், மேக்ஹெமைட் என்ற காந்தக் கனிமங்களின் மிக நுண்ணிய துகள்கள் புதிதாக உருவாகின்றன என்பதை நிறுவின. எனவே சீனாவில் காந்த ஏற்புத்திறன் என்பது பெரும்பாலும் கோடைப் பருவக்காற்று கொண்டுவந்த மழையின் தடம்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அலாஸ்காவிலும் சைபீரியாவின் பல இடங்களிலும் இந்த உறவு தலைகீழாக இருக்கிறது. அங்கே லோயஸில் ஏற்புத்திறன் உயர்வு, தொல்மண்ணில் தாழ்வு. வலுவான பனிக்காலக் காற்று கனமான மேக்னடைட் மணிகளை அதிகமாகக் கொண்டுவந்து சேர்த்தது. வெப்ப காலத்தில் நீர் தேங்கிய மண்ணில் ஆக்சிஜன் குறைந்து, இருந்த காந்தக் கனிமங்களும் கரைந்தன. சீன விதியைக் கையில் வைத்துக்கொண்டு சைபீரிய வளைவை வாசிப்பவர், குளிரை வெப்பமாகவும் வெப்பத்தைக் குளிராகவும் வாசிப்பார். ஒரே கருவி, ஒரே அளவு, இரண்டு நேரெதிர்ப் பொருள்கள். இடத்தின் நீரியலை அறியாமல் எந்த வளைவையும் காலநிலை என்று அழைக்கக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

வடகாற்று

காந்தமுள் அவர்கள் சொன்னது கோடைப் பருவக்காற்றின் பக்கம். குளிர்காலப் பருவக்காற்றுக்கு இன்னொரு சான்று உண்டு. அது துகளின் அளவு. பீடபூமியின் வடமேற்கிலிருந்து தென்கிழக்குக்குப் போகப் போக, மணற்பாங்கான லோயஸ், இயல்பான லோயஸ், களிப்பாங்கான லோயஸ் என்று துகள் நுண்மையாகிக்கொண்டே போவதை லியு துங்ஷெங் வரைபடமாக்கினார். துகள் எந்தத் திசையில் இருந்து வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. ஒரே இடத்தில் கீழிருந்து மேலாக அளந்தால், உறைபனிக் காலப் படுகைகளில் துகள் பருமனாகிறது. குளிர்காலத்தில் சைபீரியாவின் மேல் உருவாகும் உயர் காற்றழுத்தம் வலுப்பெற்று, குளிர்காலக் காற்று வேகம் கொண்டதன் அடையாளம் அது.

1995இல் ஸ்டீஃபன் போர்ட்டரும் ஆன் ஜிஷெங்கும் கடைசிப் பனிக்காலப் படுகையில் துகள் திடீரெனப் பருமனாகும் கட்டங்களை அளந்து, அவை வட அட்லாண்டிக்கில் பனிமலைகள் பெருந்திரளாக உடைந்து மிதந்த ஹைன்ரிச் நிகழ்வுகளோடு ஒத்துவருவதைக் காட்டினார்கள். அட்லாண்டிக் குளிர்ந்தால், மேலைக்காற்றோட்டத்தின் வழியாகச் சீனாவின் குளிர்காலக் காற்று வலுப்பெறுகிறது. இரண்டு பெருங்கண்டங்களைக் கடந்து செல்லும் ஒரு காலநிலைத் தொடர்பை வெறும் வண்டல் துகளின் விட்டம் வெளிப்படுத்துகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது.

வட அமெரிக்காவை இன்னும் முக்கியமாகக் கருதுகிறேன், ஏனென்றால் அங்கே படிவு கணினி மாதிரியோடு முரண்பட்டது. வட அமெரிக்காவின் வடபகுதியைப் போர்த்திய லாரன்டைட் பனிவிரிப்பின் மேல் நிலையான உயர் காற்றழுத்தம் இருந்திருக்கும், ஆகவே அதன் தென்விளிம்பில் கிழக்கிலிருந்து காற்று வீசியிருக்கும் என்று 1980களின் காலநிலை மாதிரிகள் கணக்கிட்டன. ஆனால் மிசூரி, மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்குகளின் கிழக்குக் கரையை ஒட்டிக் கடைசிப் பனிக்காலத்துப் பியோரியா லோயஸ் தடித்துக் கிடக்கிறது. கிழக்கே போகப் போக மெலிகிறது, துகளும் நுண்மையாகிறது. காற்று மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ வீசியிருந்தால் மட்டுமே இப்படி அமையும். டேனியல் மூஸும் ஆர்தர் பெட்டிஸும் 2000இல் இந்த முரண்பாட்டை விரிவாக முன்வைத்தார்கள். ஆண்டின் சராசரிக் காற்று எத்திசையில் வீசினாலும், தூசியைத் தூக்கிச் சென்றது அவ்வப்போது வந்த வலுவான வடமேற்குப் புயல்களாக இருக்கலாம். அப்படியானால் படிவு பதிவு செய்வது சராசரியை அன்று. தூசியைத் தூக்கும் வலிமை பெற்ற நாட்களின் காற்றை மட்டும்.

தொல்மண்

வடகாற்று அவர்களின் கடைசி வாக்கியத்தை முழுமனத்துடன் ஏற்கிறேன். ஆனால் சீனாவில் துகளின் பருமனைக் காற்றின் வேகமாக மட்டும் மொழிபெயர்ப்பதை ஏற்க இயலவில்லை. பருமனான துகள் நெடுந்தூரம் போகாது. காற்றின் வேகம் மாறாமல் இருந்தும், பாலைவன விளிம்பு தெற்கே நகர்ந்து அருகில் வந்தால் துகள் பருமனாகும். பீடபூமியின் வடக்கே உள்ள மூ உஸ் பாலைவனம் உறைபனிக் காலங்களில் தெற்கே விரிந்ததும், இடைப்பனிக் காலங்களில் பின்வாங்கியதும் அதன் எல்லையோரத்து வெட்டுமுகங்களில் மணற்படுகைகளாகத் தெரிகின்றன. பாலைவனம் விரிவதற்குக் காரணம் மழைக்குறைவு. அது கோடைப் பருவக்காற்றின் தளர்ச்சி. ஆக, குளிர்காலக் காற்றின் சான்று என்று நாம் சொல்லும் எண்ணில் கோடை மழையின் பங்கும் கலந்திருக்கிறது. L9, L15 என்று (L என்பது லோயஸ், எண் மேலிருந்து எண்ணிய வரிசை) குறிக்கப்படும் இரண்டு மிகப் பருமனான படுகைகளை வாசிக்கும்போது இந்தக் கலப்பை மறக்கக்கூடாது.

வடகாற்று

உங்கள் வாதத்தின் வலிமையை மறுக்கவில்லை. ஆனால் ஹைன்ரிச் நிகழ்வுகளோடு ஒத்துவரும் மாற்றங்கள் சில நூறு ஆண்டுகளுக்குள் தோன்றி மறைபவை. பாலைவன விளிம்பு அத்தனை விரைவில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் முன்னேறிப் பின்வாங்கியது என்பதைவிட, காற்று மாறியது என்பதே எளிய விளக்கம். பல்லாயிரம் ஆண்டு அளவிலான ஏற்ற இறக்கத்துக்கு உங்கள் விளக்கமும், ஆயிரம் ஆண்டு அளவிலானவற்றுக்கு என் விளக்கமும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

நத்தைக்கூடு

காற்று, மழை இரண்டையும் பேசினீர்கள். மேட்டுநிலம் அவர்கள் முதலில் கேட்டது குளிரைப் பற்றி. வெப்பநிலைக்குத் துகளோ காந்தமோ நேரடிச் சான்று அல்ல, உயிரினங்கள்தான் சான்று. செக் நாட்டில் வோயென் லோஷெக் நத்தை ஓடுகளை அடுக்கு அடுக்காக அடையாளம் கண்டு, இடைப்பனிக் கால மண்ணில் காட்டு நத்தைகளும், லோயஸில் குளிர்ப் புல்வெளிக்குரிய பூப்பில்லா (Pupilla) என்ற நத்தை இனங்களும், மிகக் கடுங்குளிர்க் கட்டங்களில் இன்று ஆர்க்டிக்கிலும் உயர்மலைகளிலும் மட்டும் வாழும் கொலுமெல்லா கொலுமெல்லா என்ற நத்தையும் வருவதைக் காட்டினார். காடு, புல்வெளி, குளிர்த் தரிசு என்று ஒரே சுவரில் நிலக்காட்சிகள் மாறிச் செல்வதை நத்தைகள் மட்டுமே இவ்வளவு துல்லியமாகச் சொல்கின்றன. மகரந்தம் லோயஸில் பெரும்பாலும் சிதைந்துவிடுகிறது; ஓடு சுண்ணாம்பால் காக்கப்படுகிறது.

ஓட்டின் வேதியியலும் வெப்பமானியாகிறது. கார்பனேட்டுக்குள் கனமான கார்பனும் கனமான ஆக்சிஜனும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும் விகிதம், ஓடு உருவான வெப்பநிலையைப் பொறுத்தது. லோயஸ் பீடபூமியின் நத்தை ஓடுகளில் இந்த முறையைக் கையாண்டு 2013இல் வெளியான ஆய்வு, கடைசிப் பனிக்காலத்தின் உச்சத்தில் அங்கே நத்தைகள் வளரும் பருவத்தின் வெப்பநிலை இன்றைவிட ஏறத்தாழ 6 முதல் 7 பாகை செல்சியஸ் குறைவாக இருந்தது என்று மதிப்பிட்டது. வளரும் பருவம் என்பதைக் கவனியுங்கள். குளிர்காலத்தில் உறங்கும் உயிரி குளிர்காலத்தின் வெப்பநிலையைச் சொல்லாது.

குளிர்காலத்தைப் பற்றி வேறொன்று சொல்கிறது. ஐரோப்பாவின் லோயஸ் சுவர்களில் மேலிருந்து கீழாகக் கூம்பி இறங்கும் ஆப்பு வடிவங்கள் காணப்படுகின்றன. நிரந்தரமாக உறைந்த நிலம் கடுங்குளிரில் வெடித்து, வெடிப்பில் பனி வளர்ந்து, பின்னாளில் பனி உருகியதும் அந்த இடத்தை வண்டல் நிரப்பியதன் அச்சுகள் இவை. இன்று கோதுமை விளையும் நிலத்தின் அடியில் ஒரு காலத்தில் ஆண்டு முழுவதும் உறைந்த தரை இருந்தது என்பதற்கு இதைவிட உறுதியான ஆதாரம் இல்லை. ஜெர்மனியில் ஹைடெல்பெர்க் அருகே நுஸ்லோக் வெட்டுமுகத்தில் லோயஸும் துந்திரா மண்ணும் மாறி மாறி வருகின்றன. அங்கே மண்புழுக்கள் சுரந்த சிறிய கால்சைட் மணிகளைக் கதிரியக்கக் கார்பனால் காலங்கணித்து, 2017இல் ஓர் ஆய்வுக் குழு அந்தத் துந்திரா மண்களைக் கிரீன்லாந்துப் பனிக்கட்டி காட்டும் குறுகிய வெப்பக் கட்டங்களோடு இணைத்தது. மண்புழு வாழ்ந்தது என்றால் தரை கோடையிலாவது இளகியது, ஈரம் இருந்தது, தாவரம் இருந்தது. அந்தக் கட்டங்களில் தூசி தளர்ந்ததற்கான காரணமும் அதிலேயே அடங்கியிருக்கிறது.

எதிர்வினா

இதுவரை வந்த பதிவுகளில் காலக்கணக்கின் மேல் வைத்திருக்கும் நம்பிக்கை எனக்குக் கவலை அளிக்கிறது. லோயஸ் வளைவைப் புவியின் சுற்றுப்பாதை மாற்றங்களோடு பொருத்திக் காலம் ஒதுக்குகிறோம். பிறகு அதே வளைவைக் காட்டி, காலநிலை சுற்றுப்பாதையைப் பின்தொடர்ந்தது என்கிறோம். இது வட்டவாதம். படிவு இடைவிடாமல் சேர்ந்தது என்ற அனுமானமும் ஐயத்துக்குரியது. தாமஸ் ஸ்டீவன்ஸும் உடனுழைத்தவர்களும் குவார்ட்ஸ் மணிகளை ஒளித்தூண்டு ஒளிர்வு முறையில் நெருக்கமாகக் காலங்கணித்தபோது, கண்ணுக்குத் தெரியாத அரிப்பு இடைவெளிகளும், இடத்துக்கு இடம் மாறும் படிவு வேகமும் வெளிப்பட்டன. இந்த நிலையில் ஆயிரம் ஆண்டு அளவிலான ஒரு துகள் முகட்டை அட்லாண்டிக் நிகழ்வோடு கோடிட்டு இணைப்பதற்கு என்ன உரிமை இருக்கிறது?

காந்தமுள்

எதிர்வினா அவர்களின் கவலை நியாயமானது. அதற்கு வலுச் சேர்க்கும் ஒன்றை நானே தருகிறேன். சுமார் 7 இலட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த மட்டுயாமா, ப்ரூன்ஹெஸ் காந்தப் புரட்டல் ஆழ்கடல் படிவுகளில் ஒரு வெப்பக் கட்டத்துக்குள், அதாவது 19ஆம் ஐசோடோப்பு நிலைக்குள் (ஆக்சிஜன் வளைவின் ஏற்ற இறக்கங்களுக்கு இன்றிலிருந்து பின்னோக்கி இட்ட எண்) அமைகிறது. சீனாவில் பல வெட்டுமுகங்களில் அதே புரட்டல் குளிர்க் காலத்து L8 படுகைக்குள் இருக்கிறது. உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் நிகழ்ந்த புரட்டல், கடலில் வெப்ப காலத்திலும் நிலத்தில் குளிர் காலத்திலும் நிகழ்ந்திருக்க முடியாது. படிந்த துகளின் காந்தத் திசை உடனே உறைவதில்லை, மேலே மேலும் படிவு ஏறி, ஈரமும் இறுக்கமும் மாறிய பிறகே நிலைபெறுகிறது, எனவே புரட்டல் தன் உண்மையான இடத்துக்குக் கீழே, பழைய படுகையில் பதிவாகிவிட்டது என்பது ஒரு விளக்கம். ஜோ லிப்பிங்கும் நிக்கலஸ் ஷாக்கிள்டனும் 1999இல் இதை வலியுறுத்தினார்கள். எவ்வளவு ஆழம் கீழே என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை.

ஆனால் இதிலிருந்து முழு ஐயத்துக்குத் தாவ வேண்டியதில்லை. ஒளிர்வு முறை சுற்றுப்பாதையைச் சார்ந்தது அன்று. துகள் கடைசியாகச் சூரிய ஒளியைக் கண்ட காலத்தை அது நேரடியாக அளக்கிறது. லோயஸ் துகள் காற்றில் வெளிச்சத்தில் பயணித்து வந்ததால் இதற்கு மிகவும் ஏற்றது. குவார்ட்ஸில் சில பத்தாயிரம் ஆண்டுகளில் ஒளிர்வுச் சமிக்ஞை நிறைந்துவிடுகிறது, அதற்கு மேல் அளக்க முடியாது. ஃபெல்ஸ்பார் என்ற கனிமத்தில் அதைவிடப் பல மடங்கு பின்னோக்கிப் போகலாம். கீழ் டான்யூப் பகுதியின் லோயஸில் இத்தாலியின் காம்பானியப் பெருவெடிப்புச் சாம்பல், ஏறத்தாழ 40 ஆயிரம் ஆண்டுப் பழமையானது, தனிப் படுகையாகவே கிடைக்கிறது. இப்படிப்பட்ட தற்சார்புள்ள காலக்குறிகள் இருக்கும் இடங்களில் வட்டவாதக் குற்றச்சாட்டு நிற்காது. இல்லாத இடங்களில் நிற்கும்.

எதிர்வினா

இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொள்கிறேன். தனிச் சான்று உள்ள இடத்தையும் பொருத்திப்பார்த்த இடத்தையும் வெளியாகும் ஒவ்வொரு வரைபடத்திலும் பிரித்துக் காட்ட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

மேட்டுநிலம்

தடிப்பைப் பற்றிய என் கேள்விக்குத் தொல்மண் அவர்கள் சுருக்கமாக விடை தந்தார்கள். தூசியின் மூலம் எது என்பதைப் பொறுத்து அது மாறுமா?

வடகாற்று

மாறும், அதுவும் பெரிய அளவில். நெப்ராஸ்காவின் பிக்னெல் குன்றில் பியோரியா லோயஸ் மட்டும் 40 மீட்டருக்கு மேல் தடித்திருக்கிறது. கடைசிப் பனிக்காலத்தில் உலகிலேயே மிக விரைவாகச் சேர்ந்த படிவுகளில் அதுவும் ஒன்று. பனிவிரிப்பு அரைத்த மாவுதான் அது என்று இயல்பாக எண்ணத் தோன்றும். ஃபெல்ஸ்பார் மணிகளின் ஈய ஐசோடோப்புகளை ஆராய்ந்தபோது, அதன் பெரும்பகுதி பனியோடு தொடர்பில்லாத, எரிமலைச் சாம்பல் கலந்த பழைய வண்டற்பாறைகளிலிருந்து வந்தது தெரிந்தது. எளிதில் நொறுங்கும் பாறை வெளியே தெரிந்துகொண்டிருந்தது, தாவரம் குறைந்தது, காற்று அள்ளியது. அதே காலத்தில் அதே குளிரை அனுபவித்த வேறு இடங்களில் சில மீட்டர்கள்கூடச் சேரவில்லை. சீனாவிலும் கதை எளியதன்று. சிர்கான் என்ற கனிமத்தின் மணிகளுடைய வயதுகள், திபெத்தின் வடகிழக்குப் பகுதியில் அரிக்கப்பட்ட பொருளை மஞ்சள் ஆறு சுமந்துவந்து கொட்டியதையும், அங்கிருந்து காற்று எடுத்ததையும் காட்டுகின்றன. ஆகவே தடிப்பு முதலில் மூலப்பொருள் எவ்வளவு கிடைத்தது என்பதைச் சொல்கிறது. காலநிலை அதற்குப் பிறகுதான் வருகிறது.

தொல்மண்

கடலடி உருளை மாதிரிகள் ஏற்கெனவே இருக்க, லோயஸ் எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு என்பதால் S5 என்று குறிக்கப்படும் தொல்மண்ணைப் (S என்பது தொல்மண்) பற்றியும் எழுதிவிடுகிறேன். சீனப் பீடபூமியில் மிகத் தடித்த, மிக ஆழ்ந்து சிவந்த தொல்மண்களில் ஒன்று அது. அதன் மேற்பகுதி ஏறத்தாழ 5 இலட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய 13ஆம் ஐசோடோப்பு நிலைக்கு உரியது. அக்காலம் கடல் வளைவில் சிறப்பான வெப்ப காலமாகத் தெரிவதில்லை. அண்டார்டிகப் பனிக்கட்டியில் அது மிதமான, சற்றுக் குளிர்ந்த இடைப்பனிக் காலமாகவே இருக்கிறது. ஆயினும் கிழக்காசியாவில் கோடைப் பருவக்காற்று அப்போது மிக வலுவாக இருந்தது என்று மண் சொல்கிறது. தென் அரைக்கோளத்தில் குளிர் நீடித்திருக்க, வட அரைக்கோளத்தில் பனிவிரிப்புகள் வழக்கத்தைவிடச் சுருங்கியிருந்தால், இரண்டுக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு பருவக்காற்றை வடக்கே இழுத்திருக்கும் என்று குவோ ஜெங்டாங்கும் அவருடன் ஆய்ந்தவர்களும் விளக்கம் தந்துள்ளனர். அந்த விளக்கம் நிலைக்குமா என்பதை கணினி மாதிரிக் கணக்கீடுகள் இன்னும் சோதித்துவருகின்றன. உலகச் சராசரியில் அடங்கிப்போகும் இப்படிப்பட்ட ஏறுமாறான காலங்களைத்தான் அடுத்து விரிவாகப் பேச விரும்புகிறேன். 11ஆம் நிலைக்குரிய S4 மண்ணை இதனோடு ஒப்பிட்டவர்கள் இருந்தால், இந்த இழையிலேயே அவர்களின் அளவீடுகளைப் பகிருமாறு கேட்டுக்கொள்கிறேன்.